ராகு காலம் முடிந்ததும் பில்

கோலாலம்பூரில் புடவைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு நடை போனால் கேட்ட நிறத்தில் கேட்ட ஜரிகையில் கிடைக்கும். இருந்தாலும் எங்கள் வட்டாரத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் யாராவது ஒருத்தர் திருச்சிக்கு விமானம் ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே போய் எடுத்த புடவை என்றால்தான் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முந்தானையைத் தொட்டுப் பார்ப்பார்கள். என் மகள் ஷாமினிக்கு நிச்சயமானதும் அந்த யாராவது நான்தான் என்று முடிவாகிவிட்டது. ஷாமினிக்கு அலுவலகத்தில் லீவு இல்லை. என் கணவருக்குப் புடவைக் கடை வாசலைப் பார்த்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை காலையில் திருச்சியில் இறங்கினேன். டாக்சி ஓட்டுநர் என் பெட்டிகளை ஒவ்வொரு கையில் ஒன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஜவுளி எடுக்கத்தானே வந்திருக்கீங்க?”

“எப்படித் தெரியும்?”

“பெட்டி ரெண்டும் காத்தா இருக்குங்களே. போறப்ப பாருங்க, என்னால தூக்க முடியாது.”

மன்னார்புரத்தில் ஓட்டல். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், “பசியாற எங்கே போகலாம்?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். அவள் முகம் வாடிவிட்டது. “ரொம்ப நேரமா சாப்பிடலையா மேடம்?” என்று மேசைக்குள்ளிருந்து தன் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். அந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் பக்கத்து ஓட்டலில் நெய் ரோஸ்ட்டும் சாப்பிட்டேன். சட்னியை வாளியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். எங்கள் ஊரில் இரண்டாவது முறை சட்னி கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அன்று முழுக்கக் கடைவீதிகளைச் சுற்றிப் பார்த்தேன். இந்தியாவுக்கு ஏற்ற உடுப்பு என்று நான் நினைத்துக்கொண்டு வந்தது கஞ்சி போட்ட பருத்திச் சுடிதார், கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்ற கல்லூரிப் பெண்கள் தொளதொளவென்று ஜீன்ஸும் அண்ணனிடமிருந்து பிடுங்கியது போன்ற சட்டையும் போட்டிருந்தார்கள். தலையில் மல்லிகைப் பூ, காலில் வெள்ளை ஸ்னீக்கர். அவர்களுடைய அம்மாக்கள்கூட என்னைவிட இளமையாகத் தெரிந்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது.

எங்கள் ஊரில் பொழுது போகவில்லை என்றால் மாலுக்குப் போவோம். இங்கே ஜவுளிக் கடைக்குப் போகிறார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏசி. எஸ்கலேட்டரில் ஏறி செல்ஃபி எடுக்கிறார்கள், அதிலேயே இறங்கி இன்னொன்று எடுக்கிறார்கள். பெண்கள் புடவை பார்க்கிற நேரத்தில் ஆண்கள் ஓரத்து சோபாவில் வரிசையாகத் தூங்குகிறார்கள். ஒரு குடும்பம் படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டது. கடைக்காரர்கள் அவர்களை விரட்டவில்லை, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் காட்சி எனக்குப் பிடித்துப் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலையிலேயே தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், காரணம் பின்னால் புரியும். முகூர்த்தப் பட்டுக்கென்று ஒரு தளம் முழுவதும் ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளை விரிப்பின் மேல் விற்பனையாளர் புடவையை வீசி விரிக்கிற வேகத்தைப் பார்த்தாலே ஒன்று எடுத்துவிடலாம் போலிருந்தது.

எனக்கு முதல் பார்வையிலேயே ஒரு லாவெண்டர் நிறப் புடவை பிடித்துவிட்டது. வெளிர் நிறம், வெள்ளி ஜரிகை, உடலில் சின்னச் சின்னப் புட்டா. வீடியோ அழைப்பில் ஷாமினியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அம்மா, இது ஆபீஸ் டின்னருக்குக் கட்டலாம். எனக்கு அரக்கு வேணும். பெரிய பார்டர், தங்க ஜரிகை. கல்யாணம்னா கல்யாணம் மாதிரி இருக்கணும்.”

கோலாலம்பூரில் பிறந்து, ஆண்டு முழுவதும் கறுப்புக் கால்சட்டையில் திரிகிற பெண் பேசுகிற பேச்சா இது! இன்னும் இரண்டு முறை லாவெண்டரைக் காட்டினேன். மூன்றாவது முறை அவள் கேமராவை அணைத்துவிட்டாள். அரக்கு எடுத்தேன். நல்ல புடவைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கண் மட்டும் லாவெண்டர் பக்கமே போனது.

அதற்குள் அந்த லாவெண்டர் பக்கத்து விரிப்புக்குப் போய்விட்டது. அங்கே கைலாசபுரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா அங்கே தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், வழக்கம்போல சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா சுமதி, கல்யாணப் பெண் நித்யா, நித்யாவின் அத்தை ராஜாமணி. கிளிப்பச்சைப் புடவையும் கணீரென்ற குரலுமாக அத்தைதான் அந்தத் தளத்தையே நடத்திக்கொண்டிருந்தார். லாவெண்டரை நித்யா மடியில் வைத்துக்கொண்டு விடவே இல்லை.

“அரக்கு எடுன்னு சொன்னா, முகூர்த்தத்துக்குப் போய் வெளுத்துப்போன கலரா? மாப்பிள்ளை வீட்டுல பொண்ணுக்குப் பிடிச்சதா எடுத்துக்கட்டும்னு பெருந்தன்மையாச் சொல்லிட்டாங்க. நாளைக்கு மணவறையில பார்த்துட்டு, ஒரு அத்தைக்காரி கூட இருந்துமா இதை எடுத்தாங்கன்னு என்னையத்தான் கேப்பாங்க.”

“அத்தை, இப்ப எல்லாரும் இதுதான் கட்டுறாங்க.”

“எல்லாரும்னா யாரு? ஒருத்தியக் காட்டு.”

நித்யா சுற்றிலும் பார்த்தாள். நான்தான் அகப்பட்டேன். “ஆன்ட்டி, நீங்க மலேசியாவுலேருந்து வந்தவங்கன்னு இந்தக் கடை அண்ணன் சொன்னாங்க. எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

ஒரு வார்த்தையா? நான் மூச்சுவிடாமல் பேசினேன். வெளிர் நிறம் கேமராவில் எவ்வளவு அழகாக விழும், வெள்ளி ஜரிகை எப்படி மின்னும் என்று ஷாமினியிடம் எடுபடாததையெல்லாம் இங்கே கொட்டினேன். அத்தை நான் சொன்னதை முழுவதுமாகக் கேட்டுவிட்டு, “என்னமோ செய்ங்க” என்று பெருமூச்சு விட்டார். நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது. மூன்று மாதமாக வீட்டில் இதே சண்டையாம்.

புடவை முடிவாகிவிட்டது, ஆனால் பில் போட முடியவில்லை. ராகு காலம். பன்னிரண்டு மணிக்கு முடிகிற வரை முகூர்த்தப் புடவைக்கு யாரும் பணம் கட்ட மாட்டார்கள். தேர்ந்தெடுத்த புடவைகளை மஞ்சப்பையில் போட்டு, கூடவே மஞ்சள், குங்குமம், வெற்றிலை, பாக்கு வைத்து, மஞ்சள் நூலால் வாயைக் கட்டிக் கவுண்டரில் அடுக்கினார்கள். “வீட்டுக்குப் போயி சாமிகிட்ட வச்சுட்டுத்தான் பிரிக்கணும்” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்கள். எல்லாருக்கும் ஏலக்காய் டீ வந்தது. உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் ஸ்ரீரங்கம் போய்த் தாயார் திருவடியில் புடவையை வைத்து எடுத்து வரப்போவதாக அத்தை சொன்னார்.

நடுவில் ஒரு இஸ்லாமிய அம்மா தன் மகளோடு வந்தார். வரிசையே இல்லாத கவுண்டரில் நிதானமாகப் பணம் கட்டினார். “நீங்கல்லாம் பேசிட்டிருங்க, நாங்க போயிட்டு வரோம்” என்று எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

மணி பன்னிரண்டு அடித்ததுதான் தெரியும். அதுவரை காப்பி, டீ என்று சம்பந்திகள் போலப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கவுண்டரில் பாய்ந்தோம். முதல் நல்ல நேரத்தை விட்டுவிடக் கூடாதாம். யார் காலை யார் மிதித்தார்கள் என்று தெரியவில்லை. கவுண்டர்காரர் தலைக்கு மேலாக மஞ்சப்பைகளை நீட்டினார். பணத்தைக் கட்டி, ஒன்றை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன்.

சாமியிடம் வைக்க வேண்டுமே. ஓட்டல் அறையில் சாமி படம் கிடையாது. வரவேற்பில் இருந்த பெருமாள் படத்தின் முன் பையை வைத்துக் கும்பிட்டேன். பிஸ்கட் கொடுத்த பெண்ணும் எழுந்து நின்று கும்பிட்டாள்.

சாயங்காலம் புத்தூரில் ஒரு தையல்காரம்மாவிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை இரவு எனக்கு விமானம், அதற்குள் ரவிக்கை தைத்துத் தர ஒத்துக்கொண்டிருந்தார். அளவுக்கு ஷாமினியின் ரவிக்கையைக் கொடுத்தேன். அவர் மஞ்சப்பையின் நூலை அவிழ்த்துப் புடவையை வெளியே எடுத்தார்.

லாவெண்டர்.

“அருமையான கலருங்க” என்றார் அவர். புடவையின் ஓரத்தோடு சேர்ந்திருந்த ரவிக்கைத் துணியைத் தேடிப் பிடித்துக் கத்திரிக்கோலை எடுத்தார். “வெட்டிறட்டுமா?”

உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே வாயைத் திறக்கவில்லை. நான் ஆசைப்பட்ட புடவை தானாக என் கைக்கு வந்திருக்கிறது. வெட்டிவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பை மாறியது எனக்கு எப்படித் தெரியும் என்று ஷாமினியிடம் கையை விரித்துவிடலாம். அந்தப் பக்கம் ராஜாமணி அத்தைக்கும் கசக்காது, அவருக்குப் பிடித்த அரக்கு அவரிடம் போயிருக்கிறது. பெரியவர்கள் எல்லாருக்கும் திருப்தி. கட்டிக்கொள்ளப் போகிற இரண்டு பெண்களுக்குத்தான் ஏமாற்றம்.

நித்யாவின் சில்லிட்ட கை நினைவுக்கு வந்தது. கத்திரிக்கோல் துணியைத் தொட்டுவிட்டது.

“வெட்டாதீங்க!” என்று நான் போட்ட கூச்சலில் தையல்காரம்மா கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார்.

கடைக்குப் போன் செய்தேன். “காலையில வாங்க மேடம், பார்த்துக்கலாம்” என்றார்கள். காலை வரை எனக்குப் பொறுக்காது. அவர்கள் ஸ்ரீரங்கம் போயிருப்பார்கள் என்று தெரியும். ஆட்டோக்காரர், “பாலத்துல ஜாமுங்க, பஸ்ஸுல போயிருங்க, அவனுக்குத்தான் எல்லாரும் வழி விடுவாங்க” என்று சத்திரத்தில் இறக்கிவிட்டார்.

தனியார் பேருந்து. உள்ளே ஓட்டுநர் தலைக்கு மேல் நீலமும் சிவப்புமாக விளக்குகள், காலடியில் பெரிய ஸ்பீக்கர். பழைய காதல் பாட்டு ஒன்று அலறியது. பாலத்தில் பேருந்து நகரவே இல்லை, ஆனால் உள்ளே யாருக்கும் கவலையில்லை. காய்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மா பாட்டுக்குத் தலையாட்டினார், கண்டக்டர் விசிலில் தாளம் போட்டார். கீழே காவிரி. பாலத்து நடைபாதையில் குடும்பம் குடும்பமாகக் காற்று வாங்கிக்கொண்டு சுண்டல் தின்றார்கள். எங்கள் ஊர் ரயிலில் எல்லாரும் காதில் ஆளுக்கொரு கருவியை மாட்டிக்கொண்டு தனித்தனியாகப் பாட்டுக் கேட்போம். எனக்கு இது பிடித்தது, மடியில் மட்டும் அந்தப் பை இல்லாதிருந்தால்.

“கோபுரத்தைப் பார்த்து எறங்குங்க” என்று கண்டக்டர் சொல்லியிருந்தார். கோபுரம் தெரிந்தது, இறங்கினேன். பூக்காரம்மா என் முகத்தைப் பார்த்ததுமே, “இது திருவானைக்கோயிலுங்க. ஸ்ரீரங்கம் இன்னும் போகணும்” என்றார். நான் கேட்கவே இல்லை. தினம் எத்தனை பேர் இப்படி இறங்குகிறார்களோ! ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்க மீதித் தூரம் போனேன்.

வெள்ளிக்கிழமை, தாயார் சன்னதியில் சொல்ல முடியாத கூட்டம். யாரைத் தேடுவது என்று திகைத்து நின்றபோது வெளி மண்டபத்தில் அந்தக் கணீர் குரல் கேட்டது. பிழைத்தேன் என்று ஓடினேன்.

நித்யா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அவள் அம்மா மடியில் அரக்குப் புடவை, மேலே குங்குமம். என்னைப் பார்த்ததும் சுமதி எழுந்து வந்து நடந்ததைச் சொன்னார். அர்ச்சகர் புடவையை எடுத்துக் கொடுங்கள் என்றதும் அத்தை நூலைப் பிரித்திருக்கிறார். உள்ளே அரக்கு. அவர்கள் திகைப்பதற்குள் அர்ச்சகர் வாங்கித் தாயார் திருவடியில் வைத்து, குங்குமத்தோடு திருப்பித் தந்துவிட்டார்.

“பை மாறிப்போச்சு. உங்க புடவை இதோ இருக்கு” என்று நான் லாவெண்டரை நீட்டினேன். நித்யா துள்ளி எழுந்தாள். அத்தை கையை நீட்டித் தடுத்தார்.

“பை மாறலைங்க. தாயார் மாத்தியிருக்கா. இந்தப் புள்ளைக்கு நான் சொன்னா ஏறலை, அவளே பார்த்து அரக்கை எடுத்துக் குடுத்துட்டா. திருவடியில வச்சு வாங்கினதைத் திருப்பிக் குடுக்கச் சொல்றீங்களா? நாளைக்கு அந்தப் புள்ள வாழ்க்கையில ஒரு சின்ன சங்கடம் வந்தாக்கூட என் மனசு என்ன பாடு படும்?”

குரல் உடைந்துவிட்டது. பிடிவாதம் என்று நான் நினைத்திருந்தது பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. தாயார் பெயரைச் சொன்ன பிறகு யார்தான் பேச முடியும்? நித்யா மெதுவாகத் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். “சரி அத்தை, இதையே கட்டிக்கறேன்” என்றாள். அந்தச் ‘சரி’யை என்னால் தாங்க முடியவில்லை.

“அக்கா, தாயார் தப்பு பண்ணுவாங்களா?” என்று கேட்டேன்.

“அவ பண்ணுவாளா? என்ன கேள்வி கேக்கறீங்க!”

“அப்ப இந்த அரக்குப் புடவை யாருது? என் மகளுது. அவ பொறந்ததுலேருந்து ஸ்ரீரங்கத்தைப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னாடி வந்து கும்பிடவும் லீவு கிடைக்கலை. நானும் ஓட்டல் வாசல்ல இருந்த படத்துக்கு முன்னாடி பையை வச்சுட்டுப் போயிட்டேன். தாயார் பார்த்தாங்க. இந்தப் பொண்ணு வர மாட்டேங்கறா, அம்மாக்காரியும் கொண்டுவர மாட்டேங்கறா, ராஜாமணி எப்படியும் வருவா, அவ கையில குடுத்து வரவழைச்சுக்குவோம்னு நினைச்சிருக்காங்க. உங்களை நம்பித்தானே அனுப்பினாங்க? நீங்க என் மகளுக்கு வந்த ஆசீர்வாதத்தை வச்சுக்கிட்டா எப்படி?”

நான் வாதாடுவதற்காகத்தான் ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்போது அது எனக்கே உறைத்தது. வேலை, லீவு, விமானம் என்று ஓடி, பெற்ற பெண்ணை ஒரு முறை இங்கே கூட்டிக்கொண்டு வரத் தோன்றவில்லையே.

அத்தை சுமதியிடமிருந்து அரக்குப் புடவையை வாங்கினார். பிறகு அதை மடித்து, குங்குமம் சிந்தாமல் என் கையில் வைத்தார். லாவெண்டரை வாங்கிக்கொண்டார்.

“எந்திரிடி நித்யா. க்யூ பெருசா இருக்கு, நடை சாத்திறப் போறாங்க.”

எல்லாரும் மறுபடியும் வரிசையில் நின்றோம். உள்ளே அர்ச்சகர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

“இப்பத்தானே ஒண்ணு ஸமர்ப்பிச்சேள்?”

“அது மலேசியாவுக்குங்க சாமி” என்றார் அத்தை. “இது கைலாசபுரத்துக்கு.”

சனிக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. விட மாட்டேன் என்றுவிட்டார்கள். கைலாசபுரத்தில் சாலை முழுக்க மரநிழல், ஒரே மாதிரி வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் ஸ்கூட்டர். பெருமாளுக்கு உகந்த நாள் என்று சைவம். வாழைக்காய் வறுவலை அத்தை என் இலையில் குவித்துக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் ஷாமினியை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். குங்குமம் பட்ட அரக்கைப் பார்க்க அவள் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தாள். அப்புறம், “அம்மா, அந்தக் குங்குமத்தைத் துடைச்சிடாதே” என்றாள்.

இரண்டு பெண்களும் போனைப் பிடுங்கிக்கொண்டு அரை மணி நேரம் நகை, மேக்கப் என்று பேசினார்கள். நடுவில் நித்யா போட்டுக் கொடுத்துவிட்டாள்: “அக்கா, என்னைவிட ஆன்ட்டிக்குத்தான் லாவெண்டர் மேல ஆசை. கடையில பேசினதை நீங்க கேட்டிருக்கணும்.”

“அம்மா” என்றாள் ஷாமினி. “உனக்கு ஆசைன்னா நீ கட்டிக்க வேண்டியதுதானே? ஏன் எனக்குக் கட்டிவிடப் பார்க்கறே?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி கூடவே ஓட்டலுக்கு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து கடையில் நான் எனக்கென்று கேட்டது பழுப்பு, பாக்கு, மயில்கழுத்து. அழுக்கு தெரியாத நிறங்கள். பிடித்த நிறத்தையெல்லாம் மகளுக்கு எடுத்தே பழகிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலமே அரக்கைப் புத்தூரில் கொடுத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை மதியம் ரவிக்கையோடு வாங்கிக்கொண்டேன். பெட்டிகளைக் கட்டி முடித்தேன், டாக்சி ஓட்டுநர் சொன்னது சரிதான், அசைக்க முடியவில்லை. விமானத்துக்கு நேரம் இருந்தது. ஆட்டோ பிடித்துத் தெப்பக்குளம் பக்கம் போனேன்.

கீழ்த்தளத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நெரிந்தது. பட்டுத் தளத்தில் அதே விற்பனையாளர் அதே வெள்ளை விரிப்பில் லாவெண்டரை வீசி விரித்தார். நித்யாவுடையதைப் போலவே இன்னொன்று, புட்டா மட்டும் வேறு. தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

“பில் போடுங்க.”

அவர் கடிகாரத்தைப் பார்த்துத் தயங்கினார். “மேடம், இப்பத்தான் ராகு காலம் ஆரம்பிச்சிருக்கு. ஆறு மணி வரைக்கும் இருங்களேன், டீ சொல்றேன். யாருக்குங்க முகூர்த்தம்?”

சுற்றிலும் சோபாக்களில் மூன்று குடும்பங்கள் கையில் டீயோடு காத்திருந்தன. அவர்களுடைய மஞ்சப்பைகள் கவுண்டரில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

“முகூர்த்தம் இல்லைங்க. இது எனக்கு” என்றேன். “மஞ்சப்பை வேண்டாம், சும்மா ஒரு கவர்ல போட்டுக் குடுங்க.”

கவுண்டரில் நான் ஒருத்திதான் நின்றேன். என் புடவை நேராக என் கைக்கே வந்தது.